பாவாத்தாளின் நட்சத்திரம்

கரூரில் ஞாயிறுதோறும் ஒரு சைவ சித்தாந்த வகுப்பு நடந்துவந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் ரிட்டையர் ஆனவர்கள் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். பாடம் சொல்கிற உமையரசிக்கு வயசு முப்பத்தேழு. மாணவர்களில் மூத்தவர் நாச்சிமுத்துவுக்கு அறுபத்து மூன்று. முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். தன் மகள் வயசு டீச்சர் உள்ளே நுழைந்தால், வகுப்பில் முதலில் எழுந்து நிற்கிறவர் அவர்தான்.

அந்த மரியாதைக்குக் காரணம் இருந்தது. தெரியாததைக் கேட்டால் டீச்சர் தெரியாது என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்கிற படித்தவரை நாச்சிமுத்து அதுவரை பார்த்ததில்லை.

அன்றைக்கு உயிரைக் கட்டிவைக்கிற பாசத்தைப் பற்றிப் பாடம். முடிந்ததும் எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். நாச்சிமுத்து மட்டும் நின்றார்.

"ஒரு சந்தேகமுங்க டீச்சர்."

"சொல்லுங்க ஐயா."

"செத்தவங்கள நாம பிடிச்சு வச்சுக்க முடியுமுங்களா?"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். நாச்சிமுத்துவின் மனைவி பாவாத்தாள் போய்ப் பதினோரு மாசம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்தன்று இவர் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார். பாவாத்தாளின் அக்கா ராமாத்தாள் காங்கேயத்திலிருந்து வந்திருந்தாள். "இப்படியே நெனச்சுட்டு உக்காந்திருந்தா அவ எப்படிப் போவா, மாப்ள? நீங்கதான் அவளப் போகவிடாம பிடிச்சு வச்சிருக்கீங்க" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டாள். இவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. இனிமேல் என் வாசப்படி ஏறாதே என்று அதே நாலு பேர் நடுவில் சொன்னார். ராமாத்தாள் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். அவள் சொன்ன சொல் மட்டும் போகவில்லை.

"அடுத்த மாசம் தலைத் திவசமுங்க. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். அவ போய்ச் சேந்தாளா, என்னாலதான் நிக்கறாளா. விட்டர்றேன்னு பாக்கறேன். விடத் தெரியலீங்க."

"அவங்க எங்க இருக்காங்கன்னு எனக்கும் தெரியாது ஐயா" என்றார் டீச்சர். "நீங்க தனியா எந்த ஊருக்காவது போயிருக்கீங்களா?"

"ஏனுங்க டீச்சர், டிரைவரைப் பாத்து இப்படிக் கேட்டா?"

"பஸ் ஓட்டிட்டுப் போனதச் சொல்லல. டிக்கெட் எடுத்து, தனியா."

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். டிக்கெட் எடுத்துப் போனதெல்லாம் பாவாத்தாளோடுதான்.

"அப்ப போயிட்டு வாங்க. பவானி, கொடுமுடி, குளித்தலை. மூணு ஊரு, மூணு நாளு. காவிரி போற வழியிலயே இறங்கி வாங்க. ஆத்துல முழுகி, கோயிலுக்குப் போயி, மூணு எடத்துலயும் உங்க பேருக்கு மட்டும் அர்ச்சனை பண்ணுங்க. வேற யார் பேரும் வேண்டாம்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டுதான் அவர் கிளம்பினார்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. ஆனால் உட்காரத் தெரிந்தால்தானே? ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தானாகப் போய்த் தரையை அமுக்கியது. பக்கத்தில் இருந்தவர், "பெரியவரே, அங்க பிரேக்கு இல்லீங்க" என்றார். நாச்சிமுத்து காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார்.

பவானிக் கூடுதுறையில் தண்ணீர் படி தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஆறும் சேருகிற இடத்தில் நிறம் கொஞ்ச தூரம் இரண்டாகவே இருந்து, பிறகு ஒன்றானது. எத்தனை ஆயிரம் தடவை இந்த ஊர்ப் பாலத்தில் பஸ் ஓட்டியிருப்பார், தண்ணீரைப் பார்த்ததில்லை. பார்க்க முடிகிற வேலையா அது? ஆசை தீர முழுகினார். ஈர வேட்டியைப் பிழிந்து உதறிக் கட்டிக்கொண்டு, அர்ச்சனைத் தட்டோடு சங்கமேஸ்வரர் முன்னால் போய் நின்றார்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் குருக்கள்.

"நாச்சிமுத்துங்க."

"நட்சத்திரம்?"

நாச்சிமுத்து திரும்பிப் பக்கத்தில் பார்த்தார்.

தெரியாது. அறுபத்து மூன்று வயசு மனுஷனுக்குத் தன் நட்சத்திரம் தெரியாது. கோயிலுக்குப் போனால் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நிற்பது அவர் வேலை. பேரும் நட்சத்திரமும் சொல்வது பாவாத்தாள் வேலை. முப்பத்தெட்டு வருஷமும் அப்படித்தான்.

வரிசை பின்னால் நெருக்கியது. "தெரியலேன்னா பரவால்ல, சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்றார் குருக்கள். நாச்சிமுத்து தலையை ஆட்டினார். முதல் ஊரிலேயே டீச்சர் சொன்னது நடக்கவில்லை.

வெளியே வந்ததும் திருப்பூரில் இருக்கிற மகள் தேன்மொழிக்குப் போன் போட்டார்.

"உங்க நட்சத்திரமாப்பா? அம்மாதானே எப்பவும் சொல்லும். நான் கவனிக்கலியே."

"கல்யாணத்துக்கு ஜாதகம் ஏதாச்சும் எழுதியிருப்பாங்களா?"

"உங்களுக்கெல்லாம் ஜாதகம் பாக்காம, கோயில்ல பூவாக்குக் கேட்டுத்தானே கல்யாணம் ஆச்சு? அம்மா சொல்லியிருக்கே. சாமி வெள்ளப்பூக் குடுத்துச்சு, கட்டிக்கிட்டோம்னு."

மறுநாள் கொடுமுடி. தெற்கே ஓடி வருகிற காவிரி அங்கேதான் கிழக்கே திரும்புகிறது. இவ்வளவு பெரிய ஆறு ஒரு சத்தம் இல்லாமல் திரும்புகிற அழகைப் பார்த்து, திருப்பம் என்றால் ஸ்டியரிங்கை இப்படி ஒடிக்கணும் என்று தொழில்காரர் மெச்சிக்கொண்டார். முழுகி எழுந்து மகுடேஸ்வரர் சந்நிதி வரிசையில் நின்றார். சாமி பேருக்கே பண்ணச் சொல்லிவிடலாம், வேறென்ன செய்ய.

அவருக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் புருஷன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தான். குருக்கள் கேட்டதும் அந்தப் பெண் குடும்பத்துப் பேரையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்.

அந்த மூச்சைக் கேட்டதும் நாச்சிமுத்துவுக்குக் காது திறந்துகொண்டது. பாவாத்தாளும் அப்படித்தான், கண்டக்டர் ஸ்டாப்பிங் பேர் சொல்கிற மாதிரி கடகடவென்று சொல்வாள். 'நாச்சிமுத்து விசாகம், தேன்மொழி ரோகிணி, பெரியசாமி பூரம்...'

"நாச்சிமுத்து, விசாகமுங்க" என்றார், குருக்கள் கேட்பதற்கு முன்பே.

பிரசாதத்தோடு வன்னி மரத்தடியில் வந்து உட்கார்ந்தார். மனசு நிறைந்திருந்தது. அவள் குரலை அவ்வளவு கிட்டத்தில் கேட்டுப் பதினோரு மாசம் ஆயிற்றே. ஆசைக்கு இன்னொரு தடவை முதலிலிருந்து கேட்டார். தான், மகள், மகன், மருமகன், பேரன். கடைசியில், அவர் ஓட்டுகிற பஸ். ஆமாம், பஸ்தான். பதிவு நம்பரைச் சொல்லி, அதுக்கும் ஒரு அர்ச்சனை சாமி என்பாள். ஒரு தடவை ஒரு குருக்கள் சிரித்துவிட்டார். வண்டிக்கு ஏதும்மா நட்சத்திரம் என்றார். "அதுல அறுவது பேரு போறாங்க சாமி, அத்தன நட்சத்திரத்துக்கும் நான் எங்க போக?" என்றாள் அவள். குருக்கள் பேசாமல் அர்ச்சனையைச் செய்துவிட்டார். என்ன மனுஷி அவள்.

மூன்றாவது தடவையும் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. அந்தப் பட்டியலில் பாவாத்தாள் இல்லை.

ஒரு நாளும் இருந்ததில்லை. உங்களுக்கும்மா என்று குருக்கள் யாராவது கேட்டால், "அவருக்குச் சொன்னா எனக்குச் சொன்னதுதானுங்க" என்பாள். பின்னால் நின்றவருக்கு அது காதில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். உன் நட்சத்திரம் என்ன என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டதில்லை. நாச்சிமுத்து மரத்தடியிலேயே துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

குளித்தலைக்குப் போகக் கரூரில் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும். ஸ்டாண்டிலிருந்து வீடு கூப்பிடு தூரம். போய்ப் படுத்துவிடலாமா என்று இருந்தது. டீச்சர் சொல்லியிருக்கிறாரே என்று அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

குளித்தலையில் காவிரியின் அக்கரை மங்கலாகத் தெரிகிற தூரம். விடிந்ததும் முழுகினார். அந்த ஊர்ச் சாமி கடம்பரைக் காலையில் பார்ப்பது விசேஷம், அதனால் கூட்டம் இருந்தது. அவர் முறை வந்தது.

"பேரு?"

உங்க பேருக்கு மட்டும் என்று டீச்சர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது.

"பாவாத்தாள்" என்றார்.

"நட்சத்திரம்?"

"தெரியலீங்க சாமி."

"ஆத்துக்காரியா? போன் போட்டுக் கேளுங்கோ, நான் நிக்கறேன்."

"அவ இல்லீங்க. போயிப் பதினோரு மாசமாச்சு."

குருக்களும் வயசானவர்தான். தட்டைப் பிடித்தபடி நாச்சிமுத்துவைப் பார்த்தார். "இருக்கறவாளுக்குத்தான் அர்ச்சனை, ஐயா. போனவாளுக்கு மோட்ச தீபம் போடலாம். அதுக்கும் பேரும் நட்சத்திரமும் நான் கேப்பேனே" என்று மெதுவாகச் சொன்னார்.

நாச்சிமுத்து தட்டை அப்படியே வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோன பையைத் தோளிலிருந்து இறக்கிப் பெஞ்சில் வைத்தார். அதற்குள் கடம்பர் கோயில் தேங்காய் உடைக்காமல் இருந்தது.

"நீங்க சொன்னது ஒரு ஊருலதானுங்க நடந்துது. ரெண்டு ஊருல தப்பிப்போச்சு."

"கொடுமுடி அர்ச்சனை சரியா நடந்துச்சே."

"அதுவும் அவ சொல்லிக் குடுத்துத்தானுங்க நடந்துது."

டீச்சர் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"விடறதுக்குத்தானுங்க டீச்சர் போனேன். கையில இருந்தாத்தான விட? அவள நான் பிடிச்சு வச்சிருக்கறேன்னு பதினோரு மாசமாப் பயந்துட்டு இருந்தேன். நான் அவள ஒரு நாளும் பிடிக்கவே இல்ல. அவதான் எங்க எல்லாரையும் பிடிச்சிட்டு இருந்திருக்கறா, பஸ்ஸு உள்பட." நாச்சிமுத்து பைக்குள்ளிருந்த தேங்காயைத் தொட்டுப் பார்த்தார். "இப்ப அவளுக்கு ஒரு வெளக்குப் போடலாம்னா, என்ன சொல்லிப் போட?"

டீச்சர், தான் இத்தனை ஞாயிறு எழுதி எழுதி அழித்ததை இந்த மனுஷன் மூன்று படித்துறையில் இறங்கி எடுத்து வந்திருக்கிறாரே என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அவங்க நட்சத்திரம் யாருக்குமே தெரியாதா?"

"ஒருத்தருக்குத் தெரியுமுங்க. பொறந்தப்ப கூட இருந்தவங்க."

"யாரு?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "அவ அக்கா. ராமாத்தா."

டீச்சர் பெஞ்சிலிருந்த பையை எடுத்து, தூசியைத் தட்டி, அவர் கையில் கொடுத்தார்.

"காங்கேயத்துக்கு அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்கு, ஐயா?"

இந்தக் கேள்விக்கு முப்பத்தோரு வருஷம் யோசிக்காமல் பதில் சொன்னவர், பையைக் கையில் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.