கேட்டால்தான் அவுட்

"நான் பார்த்தேன் மேடம். பார்த்துட்டு ஊமை மாதிரி நின்னேன். இது என்ன நியாயம்?"

சாஃப்ட்பால் போட்டியில் காலை ஆட்டம் முடிந்திருந்தது. அம்பயர் பொற்கொடி இன்னும் தொப்பியைக் கழற்றவில்லை. தொப்பிக்குப் பின்னால் அவள் கொண்டை பெரிதாய்த் துருத்திக்கொண்டு நின்றது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகாயமேரி அவளைவிட இளையவள். ஆனால் அந்த மாவட்டத்துப் பெண் அம்பயர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். முடியை ஒட்ட வெட்டியிருப்பாள். கம்பி மாஸ்க்கை மடியில் வைத்து அதன் வாரை நோண்டிக்கொண்டிருந்தாள்.

மதியம் இறுதி ஆட்டம். பந்து அடிக்கிற பிளேட்டுக்குப் பின்னால் சகாயமேரி நிற்பாள். பேஸ் பக்கம் பொற்கொடி. எப்போதும் அப்படித்தான்.

ஒரு தடவையாவது பிளேட்டில் நிற்க வேண்டும் என்று பொற்கொடிக்கு ஆசை. புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறாள்.

"என்னக்கா பார்த்தீங்க?"

"அந்த நீலச் சட்டைப் பொண்ணு ரெண்டாம் பேஸை மிதிக்காமலே மூணாம் பேஸுக்கு ஓடிட்டா. அப்புறம் அவ எடுத்த ரன்லதான் ஜெயிச்சாங்க."

"நானும் பார்த்தேன்."

"நீங்களுமா?"

"எதிர் டீம்ல யாராவது நம்மகிட்ட அப்பீல் பண்ணாங்களா?"

"இல்ல. மிதிக்கல போலயேன்னு ரெண்டு பொண்ணுங்க அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க."

"அவங்களுக்குள்ள."

"ஆமா. அதுக்குள்ள பிட்சர் அடுத்த பந்தை வீசிட்டா."

"வீசிட்டா அப்பீல் போச்சு."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவுட் கொடுத்திருப்பேன் மேடம். தயாராத்தான் நின்னேன்."

"அது அவங்களுக்குத் தெரியாதே."

"நாமளே சொன்னா என்ன?"

"சொன்னா அந்த டீம்ல ஒன்பது பேரோட நாம பத்தாவது ஆளு."

பொற்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை.

மைக்கில் இறுதி ஆட்டத்துக்கு அழைத்தார்கள்.

சகாயமேரி மாஸ்க்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள்.

பொற்கொடி பேஸ் பக்கம் போனாள். பாதியில் நின்றாள்.

"மேடம்."

"சொல்லுங்கக்கா."

"இல்ல. சும்மாதான்."

சகாயமேரி மறுபடி பிளேட்டைப் பார்த்து நடந்தாள்.

மைதான நடுவில் பிட்சர் தோளைச் சுழற்றிப் பார்த்துவிட்டுப் பந்தைக் கையில் வாங்கினாள்.

பொற்கொடி அந்தப் பந்தையே பார்த்தாள்.

"மேடம். இன்னிக்கு பிளேட்ல நான் நிக்கணும்."

மைதானத்துக்கே கேட்டிருக்கும்.

சகாயமேரி திரும்பி வந்தாள். மாஸ்க்கை நீட்டினாள்.

பொற்கொடி அதை முகத்தில் மாட்டினாள். வாரைத் தளர்த்துவதற்காகக் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

தளர்த்த வேண்டியிருக்கவில்லை. வார் அவள் கொண்டைக்குச் சரியாக இருந்தது.