அரசன் வயிற்றில் வளர்ந்த மலை

வெகு காலத்துக்கு முன்பு, மரங்களைவிடப் பாறைகள் அதிகமாக இருந்த குன்றையூர் நாட்டைச் சேந்தன் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் சிரிப்பான், மாலையில் சீறுவான். சில நாள், நட்ட நடுப்பகலில் அலறுவான்.

அந்த அலறலைக் கேட்டால் மாடுகூட மேய்ச்சலை நிறுத்திவிடும். விலாவில் தொடங்கி அடிவயிறுவரை யாரோ உளி வைத்து இறக்குவதுபோல் வலி. அரசன் சிங்காதனத்திலிருந்து உருண்டு விழுவான். இரண்டு மூன்று நாள் கழித்து, நெருஞ்சி முள்போல ஒரு சின்னக் கல் சிறுநீரோடு வெளியே வரும். வலி நிற்கும். சில மாதம் சென்றால் மறுபடியும் அதே அலறல். கல்லடைப்பு! ஆறு ஆண்டுகளில் ஒன்பது கற்கள்.

மருத்துவர் சிறுபீளைக் கஷாயம் கொடுத்தார். "இது வலியைத் தணிக்கும். கல் திரும்ப வராமலிருக்கப் பகலெல்லாம் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்றார்.

அதுதான் முடியாது. குன்றையூரில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. அரசனின் மணிமுடி தலையில் ஏறிவிட்டால், அது இறங்கும்வரை உதட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது. தாகத்தைக் காட்டும் அரசனை நாடு மதிக்காதாம். சூரியன் உதிக்கும்போது ஏறும் முடி, மறையும்போதுதான் இறங்கும்.

பத்தாவது கல் வந்த அன்று, சகுனம் பார்த்துச் சொல்லும் அரண்மனை நிமித்திகர் கோளரிநாதர் எழுந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அரசே, இது நோயல்ல. தங்கள் சிங்காதனத்துக்குக் கல் வெட்டியது எங்கே? அணங்குப்பாறையில். அங்கே உறையும் அணங்கு தன் கல்லைத் திருப்பிக் கேட்கிறாள். தங்கள் வயிற்றுக்குள் ஒரு மலையை வளர்க்கிறாள்."

அரசன் மெல்லத் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான்.

"என்ன செய்தால் விடுவாள்?"

"கல்லை வெட்டியவனை அந்தப் பாறைக் குகையில் உயிரோடு வைத்து, வாயிலை அடைக்க வேண்டும்."

வெட்டியவன் கல்தச்சன் இருளப்பன். அவனை அரண்மனை வேலைக்கு அழைத்து வந்தவர் அமைச்சர் வில்வராயர். அமைச்சரின் பெயரைக் கெடுக்க வேண்டும் என்பது நிமித்திகரின் நெடுநாள் ஆசை.

அன்றே இருளப்பனைச் சிறையில் அடைத்தார்கள். வில்வராயர் அவனைப் பார்க்கப் போனார்.

"பயமாக இருக்கிறதா, இருளப்பா?"

"பாறையை வெளியே இருந்து தட்டினா என்ன சத்தம் வரும்னு எனக்குத் தெரியும், சாமி. உள்ளே இருந்து தட்டினா யாருக்காவது கேட்குமான்னுதான் தெரியலே."

வில்வராயர் அவன் அருகே உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "உங்கள் ஆட்களுக்குக் கல்லடைப்பு வருவதுண்டா?"

"எப்பவாவது ஒருத்தருக்கு வரும். வெயில்லே வேலை பார்க்கிறவங்க நாங்க. மூணு நாழிகைக்கு ஒரு சொம்பு தண்ணி குடிக்காட்டிச் சுருண்டு விழுந்துடுவோமே!"

மறுநாள் அமைச்சர் அரசனை வணங்கினார்.

"நிமித்திகர் சொன்னபடியே வைத்துக்கொள்வோம், அரசே. ஆனால் அணங்குக்கு முகம் தெரியாது, முடிதான் தெரியும். இந்தக் கோடை முடியும்வரை முடியை வேறொருவர் சுமக்கட்டும். தாங்கள் அணங்குப்பாறைக்கே போய், கல்தச்சர்கள் உண்பதை உண்டு, அவர்கள் குடிக்கும்போதெல்லாம் குடித்து, அவளைப் பணிந்திருங்கள். பிறகும் தங்களுக்குக் கல் வந்தால், இருளப்பனோடு என்னையும் குகையில் வைத்து அடையுங்கள்."

"முடியைச் சுமப்பவனை அவள் பிடிப்பாளே?"

"சாதாரண ஆளைப் பிடிப்பாள். அவள் மனத்தையே அறிந்த பெரியவரை நெருங்குவாளா?"

கோளரிநாதரின் கண் முடியின்மேல் பதிந்திருந்தது. "என் மந்திரத்துக்கு அஞ்சாத அணங்கு எது?" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

அரசன் பாறைக்குப் போனான். முதல் சில நாட்கள் அஞ்சி அஞ்சியே கழிந்தன. குகைக்குள் காற்று நுழையும்போதெல்லாம் ஒரு பெண் முனகுவதுபோல் இருக்கும். ஆனாலும் கல்தச்சர்கள் சொம்பைத் தூக்கும்போதெல்லாம் அவனும் தூக்கினான். அவன் சிறுநீர் இளநீர்போலத் தெளிந்தது.

அரண்மனையில் கோளரிநாதர் சூரியன் மறையும்வரை அசையாமல் வீற்றிருந்தார். சித்திரையில் அவர் உதடு வெடித்தது. வைகாசியில் குரல் கரகரத்தது.

"முடியைச் சற்றே இறக்கிவைத்துத் தண்ணீர் குடியுங்களேன், ஐயா" என்றார் வில்வராயர்.

"இறக்குவதா? உமக்குப் பொறாமை!"

ஆடி பிறந்தது. தீர்ப்புச் சொல்ல அரசன் திரும்பி வந்தான். வில்வராயரும் விலங்கு பூட்டிய இருளப்பனும் அவனோடு நின்றார்கள். அவைக் கதவைத் திறக்கக் காவலன் கை வைத்தான்.

உள்ளே இருந்து ஓர் அலறல் வந்தது.

அது அரசனுடைய அலறல். அதே ஏற்றம், அதே இழுப்பு, முடிவில் அதே விம்மல்.

"நான் இங்கேதானே நிற்கிறேன்? அப்படியானால் உள்ளே அலறுவது யார்?" என்றான் மெதுவாக.

கதவு திறந்தது. சிங்காதனத்தின் கீழே கோளரிநாதர் நத்தைபோலச் சுருண்டு கிடந்தார். இரு கைகளும் தலையில் முடியை இறுகப் பற்றியிருந்தன. "தண்ணீர்... தண்ணீர்..." என்றார். ஏவலர்கள் செம்பும் கையுமாகச் சுற்றி நின்றார்கள். முடி தலையில் இருந்ததால் ஒருவரும் கொடுக்கவில்லை.

"அரசே, அணங்கின் மடியிலேயே படுத்திருந்த தங்களை யாரும் தீண்டவில்லை" என்றார் வில்வராயர். "மந்திரம் தெரிந்தவரைப் பிடித்துவிட்டது. இவரைப் பிடித்தது மலையா, தாகமா?"

அரசன் முடியைக் கழற்றினான். தன் கையாலேயே நிமித்திகருக்குத் தண்ணீர் கொடுத்தான். கல் வெளியேற மூன்று நாள் ஆயிற்று.

நான்காம் நாள் அரசன் சொன்னான்: "இருளப்பா, நீ விடுதலை. கோளரிநாதரே, இனி ஆண்டு முழுவதும் கல்தச்சர்களுக்குத் தண்ணீர் சுமப்பது உம் வேலை. அவர்களோடு நீரும் குடிக்க வேண்டும்!"

"விரசா வாங்க சாமி, வெயில் ஏறுது!" என்றான் இருளப்பன்.

"வில்வராயரே, உமக்கு என்ன வேண்டும்?"

"முடியோடு ஒரு சொம்பு தண்ணீர் குடித்துக் காட்டுங்கள், அரசே."

அரசன் முடியைத் தரித்தான். எல்லோரும் பார்த்திருக்க, சொம்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

பிறகு சேனாபதி தயங்கித் தயங்கி ஒரு செம்பை எடுத்தார். புலவர் எடுத்தார். காவலர்கள் ஈட்டிகளைச் சாய்த்துவைத்துவிட்டு ஓடினார்கள். அந்தப் பெரிய அவை முழுவதும், வெகுநேரம், மடக் மடக் என்ற ஓசை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.