ஆளில்லா வீட்டுத் தொலைபேசி

"நான் எழுதின ஃபைலை எல்லாரும் பாராட்டிட்டாவ மேடம். நீங்க மட்டும் ஒரு வார்த்தை சொல்லலையே" என்று குறைப்பட்டார் தேவதுரை.

முத்துச்செல்வி அவரைவிட வயதில் மிக இளையவள். ஆனால் தூத்துக்குடியின் அந்தச் சின்ன அலுவலகத்தில் அவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுத்த குரு அவள்தான். பாதி ஆயுளைத் துபாயில் கழித்துவிட்டு, நரைத்த மீசையோடு வந்து மாணவனாக உட்கார்ந்தவர் அவர்.

ரத்தக் கொடையாளர்களைத் தேடித்தரும் வலைத்தளம் அவர்களுடையது. மறுநாள் காலை திறக்கவேண்டும்.

முன்பெல்லாம் அதன் ஒவ்வொரு பக்கமும் கொடையாளர் பட்டியல் இருக்கும் சர்வரிடம் தானே போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே வேலையை ஊரெல்லாம் எழுதிவைத்த மாதிரி. தேவதுரை அத்தனையையும் ஒரே ஃபைலுக்குள் கொண்டுவந்துவிட்டார். இனி எந்தப் பக்கமும் அந்த ஃபைலிடம் கேட்டால் போதும். அது போய்க் கேட்டு, பதிலை வாங்கிவந்து கொடுக்கும்.

"என்ன ஆனாலும் இதுல பிழைன்னு ஒண்ணு வராது மேடம். வந்தாலும் வெளிய தெரியாது" என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அவள் எழுந்து வந்தாள். அவருடைய கணினியின் பின்னாலிருந்து நெட்வொர்க் கேபிளை உருவினாள்.

"ஓ நெகட்டிவ் தேடுங்கண்ணே."

தேடினார்.

"கொடையாளர் யாரும் இல்லை" என்றது திரை, அழகான பச்சை எழுத்தில்.

"பாத்தீயளா? லைனே இல்ல, அப்பவும் திணறலை!"

அவள் கேபிளை மேசைமேல் வைத்தாள்.

"அந்த பி.பி. போன் நம்பர் கதையைச் சொல்லுங்கண்ணே."

தேநீர் நேரத்தில் அலுவலகமே காது புளிக்கக் கேட்ட கதை. ஆனால் தேவதுரையிடம் அதைக் கேட்பது, கரும்பு தின்னக் கூலி கொடுப்பது போல.

"அப்ப உடன்குடியில எங்க தெருவுக்கே ஒரு போன்தான். கிரேஸ் அக்கா வீட்டுல. எல்லாரும் அந்த நம்பரைத்தான் எழுதி, பக்கத்துல பி.பி.ன்னு போடுவோம். நான் துபாய்லருந்து வெள்ளிக்கிழமை அடிப்பேன். அக்கா மதில்கிட்ட போய் என் வீட்டுக்காரியை, 'ஏட்டி ரோஸ்லினு, துபாய்ப் போனு!'ன்னு ஒரு சத்தம் குடுக்கும். எனக்கு லைன்ல கேக்கும். கோழி கத்தும். கொலுசுச் சத்தம் ஓடிவரும். அவ ரிசீவரை எடுத்ததும் பேச மாட்டா. முதல்ல மூச்சுதான் வாங்குவா. அந்த மூச்சுக்காகவே ஒரு வாரம் வேலை பாப்பேன் மேடம்."

அவர் கண் கலங்கியது. இன்று அவர் சட்டைப் பையிலேயே போன் இருக்கிறது. அந்த மூச்சு அதில் வருவதில்லை.

"அக்கா எப்பவும் கூப்பிட்டுவிடுவாங்களா?"

"எப்பவும். நல்ல மனுஷி." மீசையைத் தடவினார். "ஒரு தடவைதான் கூப்பிடலை. ஊருல அடைமழை. மதில்வரைக்கும் போகச் சோம்பல்பட்டு, 'உன் வீட்டுல ஆளில்லை தம்பி'ன்னு சொல்லிப்புட்டா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"முந்தின வாரம்தான் எனக்கும் ரோஸ்லினுக்கும் சண்டை. அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லியிருந்தா. சரி, போயிட்டா போலன்னு நினைச்சுக்கிட்டேன். அந்த மாசம் பூரா நான் கூப்பிடவே இல்லை."

"அவங்க?"

"வீட்டுலதான் இருந்திருக்கா. மடியில காய்ச்சல்காரப் பிள்ளை. சத்தம் வருமா வருமான்னு மதிலையே பாத்துக்கிட்டு."

கதையின் இந்தப் பகுதியை அவர் அதுவரை சொன்னதில்லை.

"ஏன்ணே மறுபடி கூப்பிடலை?"

"ஆளில்லைன்னு சொன்ன பொறவு எவன் கூப்பிடுவான்?" அவர் குரல் உயர்ந்தது. இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை. "மழையா இருக்கு, நான் போய்ப் பாக்கலைன்னு அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அடுத்த நிமிஷமே திரும்ப அடிச்சிருப்பேனே…"

அவர் திரைப் பக்கம் திரும்பினார்.

திரையில் பச்சை எழுத்து அப்படியே இருந்தது.

கொடையாளர் யாரும் இல்லை.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் ஃபைலைத் திறந்தார்.

முத்துச்செல்வி கேபிளை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"வேண்டாம் மேடம்" என்றார் தேவதுரை. "நான் இதைத் திருத்தி முடிக்கிறவரைக்கும் அதைச் சொருகாதீய."