கேட்காமல் மூடும் பலகை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. சொன்னவர் நீரேற்று நிலைய ஃபிட்டர் இன்னாசி. ஒருவழி வால்வு ஒன்றைத் திறந்து, உள்ளே மேல்விளிம்பில் தொங்கும் இரும்புத் தட்டை விரலால் ஆட்டிக்கொண்டே சொன்னார்.

அந்தக் காலத்தில் நண்டும் பேசும், மரப்பலகையும் பேசும். கடலோரத்தில் ஓர் ஊர். வயலுக்கும், கடல்நீர் ஏறி இறங்கும் உப்புக்கழிக்கும் நடுவே ஒரு கரை. கரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகும் அகலத்தில் ஒரு கல்தூம்பு. மழைநீர் அதன் வழியே கழிக்கு வடியும். கடல் ஏறினால் உப்புநீர் அதே வழியில் திரும்பி வந்து பயிரைக் கருக்கிவிடும். அதனால் தூம்பின் கழிப்பக்க வாயில், வீட்டுக் கதவைப்போலப் பக்கவாட்டுக் கீலில் ஒரு பலகை நின்றது. நல்ல பலகை. காவல்காரன் கூத்தையனின் மனைவி நல்லக்காளைக் கேட்காமல் அது அசையாது.

நெல் பால்பிடித்த நேரத்தில் மூன்று நாள் மழை. தூம்பைக் கோரை அடைத்துக்கொண்டது. கூத்தையன் வயல்பக்கமாக உள்ளே இறங்கினான்.

“உள்ள போய்த் தூங்கிடாதீங்க.”

“நீ வாயை மூடினாத்தானே தூங்க முடியும்?”

அவள் சிரித்தபடி கரையைத் தாண்டிப் பலகையருகே வந்து நின்றாள். கோரை கொத்துக்கொத்தாக வெளியே வந்தது. பிறகு வரவில்லை. நீர் அசையாமல் நின்றது.

“ஆத்தா, போக்கு நின்னுடுச்சு. மூடவா?”

மூடினால் உள்ளே கும்மிருட்டு. மனுஷர் தவித்துப்போவார் என்று நினைத்தாள். வந்த வழியே வயலுக்குத் திரும்ப அவனுக்கு அப்போது நேரம் இருந்தது.

“பொறு. அவர் வரட்டும்.”

நண்டுகள் கரையேறத் தொடங்கின. “இன்னுமா மூடலை? மாமன் உள்ளயே குடித்தனம் வச்சுட்டாரா?” என்று கேட்டுவிட்டு ஒன்று வேகமாகப் போனது.

பலகை மறுபடி கேட்டது. “பொறு” என்றாள். அவன் விரல்கள் தூம்பின் விளிம்பைப் பற்றின. தலை தெரிந்தது. அந்த நொடியில் கடல் ஏறி, கழிநீர் வயல்பக்கம் திரும்பியது. ஏறிவந்த நீர் பலகையை வாரி அறைந்தது. அந்தச் சத்தம் ஊருக்கே கேட்டது.

உடல் இடுக்கில் கிடந்ததால் பலகை முழுதாக மூடவும் இல்லை. பொழுது சாய்வதற்குள் உப்பு கடைசி வயல்வரை போய்விட்டது. ஆளும் போனான், பயிரும் போயிற்று.

“ஆத்தா, இனிமே என்னை மேலேருந்து தொங்கவிடு, கொஞ்சம் சாய்வா. தள்ளுற தண்ணிக்குத் திறக்குறேன். தள்ளுறது ஓஞ்சதும் என் கனத்துலயே விழுந்துடுறேன். திரும்புற தண்ணி வந்து என்னை மூட வேண்டாம். உன்னையும் கேக்க மாட்டேன்.”

பலகை பேசிய கடைசிப் பேச்சு அது. அன்று முதல்தான் ஒருவழி வால்வின் தட்டு மேலிருந்து தொங்குகிறது. ஓட்டம் ஓய்ந்த கணமே, உள்ளே யார் இருக்கிறார் என்று பாராமல் விழுந்து மூடிக்கொள்கிறது.

கூத்தையன் இல்லை, பலகையும் பிறகு பேசவில்லை. அப்படியானால் அங்கே நடந்ததை ஊருக்குச் சொன்னவள் நல்லக்காள் ஒருத்திதான். போன மாதம் இன்னாசியிடம் கேட்டே விட்டேன்:

“அந்தப் பலகை நெசமாவே பேசுச்சா இன்னாசி? இல்ல, அதை இழுத்து மூடுற கயிறு அவ கையிலதான் இருந்துச்சா?”