குற்றாலிங்கம் இங்கே இல்லை

குற்றாலிங்கம் மலைமேல் இருந்த அந்த மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. குரு முன்பு கிணறு வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. சீடரோ முப்பது வருஷம் ஜில்லா கோர்ட்டில், தமிழ் வாக்குமூலங்களை மேல்கோர்ட்டுக்காக இங்கிலீஷில் மொழிபெயர்த்துக் கொடுத்தவர். குரு அவரை ரைட்டரே என்று கூப்பிடுவார். மற்றவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் குரு கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். சீடர் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளும்."

"அடுத்தவங்க சொத்தை எடுக்கிறதுக்கு இங்கிலீஷ்ல பதினோரு வார்த்தை இருக்கு. நம்பி ஒப்படைச்சதைத் தின்னா ஒண்ணு. மிரட்டிப் பறிச்சா ஒண்ணு. ஏமாத்தி எழுதி வாங்கினா ஒண்ணு. அடுத்தவன் நாற்காலியில ஏறி உட்கார்ந்துக்கிட்டா அதுக்கு ஒண்ணு. இதுல எது பெரிய பாவம்?"

"நம்ம ஊர்ல, ஊரை அடிச்சு உலையில போட்டான்னு ஒரே போடா போட்டிருவோம்," என்றார் குரு. "இப்ப எதுக்கு இது?"

"சும்மாதான்."

சும்மா எவனும் பதினோரு வார்த்தை எழுதமாட்டான். குரு அகப்பையை வைத்தார்.

"காலையில வந்த பொம்பளைக்கு என்ன வேணுமாம்?"

சீடர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் போகவில்லை. வாசல் புளியமரத்தடியில், ஏறி வந்த மூச்சு அடங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கதையைச் சீடர் சொன்னார். பெயர் மாடத்தி. புருஷன் செத்த பதினாறாம் நாள், கருமாதிக்கு வந்த கொழுந்தன்மார் இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து அமுக்கி இரண்டு ஏக்கர் வயலை எழுதி வாங்கிவிட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் அதைச் சொல்லி ஜெயித்தாள். மேல்கோர்ட்டில் தோற்றாள். மகன் செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போனவன்தான், இன்னும் திரும்பவில்லை. இப்போது யாரோ ஒரு புது வக்கீல் தமிழையும் இங்கிலீஷையும் ஒத்துப் பார்த்து, மொழிபெயர்ப்பிலேயே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். திங்கட்கிழமை டெல்லியில் கடைசி விசாரணை. அதற்குள், மொழிபெயர்த்தவரே தான் எழுதியது தப்பு என்று எழுதிக் கொடுக்கவேண்டும்.

"குற்றாலிங்கம்னு ஒருத்தரைத் தேடி வந்திருக்கா," என்றார் சீடர். "ரிட்டயர் ஆகி, இந்தப் பக்கம் ஏதோ மடத்துல சேர்ந்துட்டாருன்னு சொன்னாங்களாம். என்கிட்டதான் கேட்டா."

"நீரு என்ன சொன்னீரு?"

"அப்படி யாரும் இங்க இல்லம்மான்னு சொல்லிட்டேன்."

குரு அடுப்பிலிருந்து ஒரு விறகை உருவி வெளியே போட்டார்.

"அவ கோர்ட்டுல என்ன சொன்னா?"

"'என் கையப் புடிச்சு முறுக்கி, வேண்டாம் வேண்டாம்னு அழ அழ, பெருவிரல அமுக்கி வாங்கிட்டாவ'ன்னு."

"நீரு என்ன எழுதினீரு?"

"'மாடத்தி கைநாட்டு வைத்தாள்'னு."

"ஏன்?"

"அவ பேசுற பேச்சு இங்கிலீஷுக்குள்ள வராது சாமி. அந்த மொழி அப்படி. சுருக்கித்தான் எழுத முடியும்."

குரு எழுந்தார். அடுப்பங்கரைச் சுவரில் விரலைத் தேய்த்துக் கரியை எடுத்தார். சீடரின் வலது கையைப் பிடித்தார். பாறை உடைத்த கை அது. சீடர் திமிறினார். "விடுங்க சாமி, வலிக்குது," என்றார். குரு மணிக்கட்டை முறுக்கி, பெருவிரலில் கரியைப் பூசி, அந்தப் பதினோரு வார்த்தைக் காகிதத்தின் மேல் வைத்து அமுக்கினார். பிறகு விட்டுவிட்டார்.

சீடருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலியைவிட அவமானம்தான் பொறுக்கவில்லை.

"இப்ப நடந்ததை இங்கிலீஷ்ல எழுதும்," என்றார் குரு.

சீடர் காகிதத்தைத் திருப்பிப்போட்டு எழுதினார். எழுத்து நிற்காமல் ஓடியது.

"என்ன எழுதியிருக்கீரு? தமிழ்ல சொல்லும்."

"'குரு என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். நான் விடச்சொல்லிக் கெஞ்சியும் கேட்காமல், என் பெருவிரலைப் பலவந்தமாகக் காகிதத்தில் அமுக்கினார்.'"

"முறுக்கினதுக்கு இங்கிலீஷ் இருக்கா?"

"இருக்கு சாமி."

"கெஞ்சினதுக்கு?"

"இருக்கு."

"அன்னிக்கும் இருந்துச்சா?"

கஞ்சி கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதை இறக்கவில்லை.

"இருந்துச்சு," என்றார் சீடர். "அந்தக் கொழுந்தன்மாரோட வக்கீல்தான் என் மகனுக்கு காலேஜ்ல சீட் வாங்கிக் கொடுத்தார். அவர் ஒண்ணும் கேக்கலை. பக்கத்துல வந்து நின்னு, 'மொழிபெயர்ப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கு சார்?'னு மட்டும்தான் கேட்டார்."

"மகன் படிச்சானா?"

"என்ஜினியரா இருக்கான்."

குரு தலையாட்டினார். அதில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் சீடருக்குத் தாங்கமுடியவில்லை.

"நான் எழுதிக் கொடுத்தா பென்ஷன் போயிரும் சாமி. இந்த வயசுல ஜெயிலுக்கும் போகணும்."

"போகணும்."

"எழுதிக் கொடுத்தாலும் அவ ஜெயிப்பாளான்னு தெரியாது."

"தெரியாது."

வெளியே மாடத்தி எழுந்து சேலைத் தலைப்பை உதறுவது தெரிந்தது. செருப்பில்லாத காலோடு, இறங்கவேண்டிய படிகளை ஒருமுறை பார்த்தாள்.

"இனி அவகிட்ட போய் என்னன்னு சாமி சொல்லுவேன்?"

"அவ உம்ம பேரைத்தானே கேட்டா," என்றார் குரு. "சொல்லும்."