பெட்டி முதலில் புறப்பட்டது

பிப்ரவரி மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, மில் முதலாளி சங்கரபாண்டியன் குடும்பத்தார் ஏழு பேர் கரீபியன் தீவான பார்படோஸுக்குப் போய்வரும் செலவுக் கணக்கோடு அவர் முன் நின்றாள் குமாஸ்தா பேச்சியம்மாள்.

“பாதியாக் குறை. ஜோசியர் குறிச்ச ஏப்ரல் மூணாந்தேதி மாறக்கூடாது. முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

அது ஈஸ்டர் வாரம். எல்லாமே இரட்டை விலை. பத்து நாள் தள்ளிப்போனால் பாதிதான்.

பேச்சியம்மாள் பக்கத்திலிருந்த ஜோசியரிடம் திரும்பினாள். “சாமி, நல்ல நாள்ல பெட்டியை மட்டும் அடுத்த வீட்டுல வச்சுட்டு, தோதான நாள்ல கிளம்புவாங்களே, பரஸ்தானம். அது செல்லுமா?”

“செல்லாம என்ன? காசிக்கு நானே அப்படித்தான் போனேன்.”

“அப்ப ஐயா பெட்டி மூணாந்தேதி எங்க வீட்டுக்கு வரட்டும். ஐயா பதிமூணாந்தேதி கிளம்பட்டும்.”

முதலாளி ஜோசியரை முறைத்தார். “இதை ஏன்யா எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க நல்ல நாளைத்தானே கேட்டீங்க, செலவைக் கேக்கலியே.”

ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி ஏழு பேரும் பாதிச் செலவில் விமானம் ஏறினார்கள். பேச்சியம்மாள் அன்றும் வேலைக்குப் போனாள்.