சவரிநாயகம் வெட்டிய கம்பிகள்

குரு என்றதும் தாடியும் தண்டமும் தேடுகிறவர்கள் இந்தக் கதையில் ஏமாந்துபோவார்கள். தூத்துக்குடி ஜெசிந்தா டீச்சருக்கு வயது முப்பத்துமூன்று. காதில் பெரிய வளையம், வாயில் எப்போதும் சூயிங்கம். ஒரு மெல்லிசைக் குழுவில், பாட்டை அடியிலிருந்து தாங்குகிற நாலு கம்பி பேஸ் கிடார் வாசிப்பார், வீட்டில் சொல்லியும் தருவார். அவர் மேடையில் இருந்தால் பாடுகிறவர்களுக்குத் தைரியம் வரும் என்பார்கள். மற்றபடி ஊர் அவரைப் பற்றிப் பெரிதாக எதுவும் பேசியதில்லை.

சீடர்கள் இரண்டு பேர். மூத்தவர் சவரிநாயகம், குருவைவிடப் பதினைந்து வயது பெரியவர், வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். இளையவன் டெரன்ஸ், கல்லூரியை முடித்துவிட்டு முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு திரிபவன்.

இருவரும் கிடார் வாங்கிய புதிதில், "எந்தக் கம்பி போடட்டும் டீச்சர்?" என்று கேட்டார்கள்.

"அத நான் சொல்ல மாட்டேன். கடைக்குப் போயித் தொட்டுப் பாத்து நீங்களே எடுங்க."

சவரிநாயகம் வழவழப்பான கம்பியை எடுத்தார். அதில் சத்தம் கும்மென்று அடங்கி வரும். டெரன்ஸ் சுருள் சுற்றிய கம்பியை எடுத்தான். விரலில் உரசும், சத்தம் பளீரென்று தெறிக்கும்.

"ஏன் இத எடுத்தீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"இது சண்டை போடாம இருக்கு டீச்சர்" என்றார் சவரிநாயகம்.

டீச்சர் சிரித்தார். கம்பி மாட்டவும் அன்றைக்கே, கிடார் தலையில் கம்பியை முறுக்குகிற 'கீ' என்ற திருகைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். "கீயத் தாண்டி நாலு விரல் கூட விட்டு வெட்டுங்க. அது கீயச் சுத்திப் படுக்கணும். சுத்தலன்னா பிடிக்காது."

வருடங்கள் போயின. டீச்சருக்கு மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். குழுவில் அவருடைய இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் சவரிநாயகம் கறுப்புச் சட்டை ஒன்று தைத்து, பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமல் பெட்டியடியில் வைத்தார். அந்த இடத்தைத் தவிர வாழ்க்கையில் வேறு எதற்கும் அவர் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"மாதா கோயில் திருவிழாவுல வெள்ளிக்கிழமை நீங்க வாசிங்க, சனிக்கிழமை அவன் வாசிக்கட்டும்" என்றார் டீச்சர். "எடம் யாருக்குன்னு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சொல்லுதேன்."

வெள்ளிக்கிழமை சவரிநாயகம் வாசித்தார். முடிந்ததும் கூட்டம், பாடிய பெண்ணைச் சூழ்ந்துகொண்டது. ஒருவரும் அவர் பக்கம் வரவில்லை. கிடாரை உறையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை டெரன்ஸ் வாசித்தான். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த சவரிநாயகத்தின் கண் அவன் விரலை விட்டு நகரவில்லை. இடையிடையே கம்பியைச் சுண்டி இழுத்தான். ஸ்பீக்கரில் சடசடவென்று தெறித்தது. பிள்ளைகள் விசில் அடித்தார்கள். ஐஸ் விற்கிறவர் வண்டியை விட்டுவிட்டு வந்து, "யாருவே அந்தப் பையன்?" என்று அவரிடமே கேட்டார்.

சவரிநாயகத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, ஜென்மத்தில் அவர் அப்படி எரிந்ததில்லை. யாரோ டெரன்ஸ் கழுத்தில் மாலை போட்டபோது, அது அறுந்து விழட்டும் என்று மாதாவிடமே வேண்டிக்கொண்டார். மாதா கேட்கவில்லை. மாலை நன்றாகவே கிடந்தது.

'அவன் கையில என்ன இருக்கு? எல்லாம் அந்தக் கம்பி பண்ணுத வேலை' என்று முடிவு கட்டினார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே கடைக்குப் போனார். பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குள் குனிந்து, "டெரன்ஸ் போடுதான்லா, அதே கம்பி குடும்" என்றார். அந்தப் பெயரைச் சொல்லும்போது நாக்கு கசந்தது.

"ஒமக்கு வழவழா கம்பிதான அண்ணாச்சி சரியா வரும்?" என்றார் கடைக்காரர்.

"நான் கேட்டதக் குடும்."

வீட்டில் கிடாரை மடியில் கிடத்தினார். பழைய கம்பியை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்ற வேண்டும். அதற்கெல்லாம் அவருக்குப் பொறுமை இல்லை. வேலைப் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, முறுக்கோடு நின்ற கம்பியில் வைத்து நறுக்கினார். அது எகிறி மணிக்கட்டில் அடித்தது. நாலையும் அப்படியே நறுக்கினார். வலித்தது. ஆனாலும் யாரையோ பழி வாங்கியது போல நிம்மதியாக இருந்தது.

பிறகு புதுக் கம்பி. காலமெல்லாம் செய்த தொழில் கையைப் பிடித்து இழுத்தது. சுவிட்ச் போர்டுக்கு வயர் அளப்பது போல, கிடாரின் அடியிலிருந்து கீ வரைக்கும் அளந்து, அளந்த இடத்தில் கச்சிதமாக வெட்டினார். நாலையும் வெட்டிக் கட்டிலில் வரிசையாக வைத்தார். வயரிங்கில் அது சுத்தமான வேலை. நாலு விரல் கூட விட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. நினைப்பு முழுக்க டெரன்ஸ் கழுத்து மாலையில் இருந்தது, அவ்வளவுதான்.

முதல் கம்பியின் நுனியைக் கீயில் நுழைத்துத் திருகினார். பிடித்த மாதிரி இருந்தது. இன்னும் திருகினார். வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மற்ற மூன்றும் அதே கதைதான்.

உச்சி வெயிலில் கிடாரையும் ஒரு துணிப்பையையும் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டு மாடிப்படி ஏறினார். டீச்சர் இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டீங்களா?"

"பசிக்கல டீச்சர்."

டீச்சர் கையைக் கழுவிவிட்டு வந்து உறையைத் திறந்தார். "கம்பிய எங்க?"

சவரிநாயகம் பையைக் கவிழ்த்தார். புதுக் கம்பிகளும் பழைய துண்டுகளும் தரையில் விழுந்தன. டீச்சர் புதுக் கம்பி ஒன்றை எடுத்துக் கிடாரின் மேல் வைத்துப் பார்த்தார். நுனி சரியாகக் கீயில் வந்து நின்றது.

"ஃபேனுக்கு வயர் இழுத்தீங்களோ?"

சவரிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, நல்லா இருந்த கம்பிய ஏன் மாத்துனீங்க?"

"ஒளிச்சி என்ன ஆகப்போகுது டீச்சர்? பொறாமை. அவனக் கண்டாலே எனக்கு ஆகல." "நான் வாசிச்ச அன்னைக்கு ஒருத்தன் வந்து ஒரு வார்த்தை கேக்கல. அவன் வாசிச்சதும் ஊரே யாரு யாருங்கு. ஐஸ்காரன் எங்கிட்டயே வந்து கேக்கான். நான் என்ன டீச்சர் அவ்வளவு மோசமாவா வாசிச்சேன்?"

"நேத்து அவன் கடைசியா வாசிச்சது என்ன பாட்டு?"

சவரிநாயகம் யோசித்தார். விரல்கள் ஞாபகம் வந்தன. மாலை ஞாபகம் வந்தது. பாட்டு வரவில்லை.

"தெரியல டீச்சர்."

"எனக்கும் தெரியல. நல்லாத்தான் வாசிச்சான். நானும் அவன் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சவரிநாயகத்துக்குக் கேட்கவும் ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. "முந்தாநாளு? நான் வாசிச்சப்ப?"

"உங்க கைய நான் பாக்கவே இல்ல அண்ணாச்சி. பாட்டக் கேட்டுக்கிட்டிருந்தேன். மூணாவது பாட்டுல பாடுன பிள்ளைக்கு மூச்சு முட்டி, பாட்டு ஒரு எடத்துல ஆடுச்சு. ஆனா விழல. யாரு பாட்டத் தாங்கிப் பிடிச்சிருக்கான்னு அப்பத்தான் மேடையத் தேடுனேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாட்ட சொல்லிட்டேன், ஆளு கெடைச்சாச்சுன்னு."

சவரிநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வெள்ளிக்கிழமையேவா?"

"வெள்ளிக்கிழமையே."

அவர் முகம் மலர்ந்தது. வருடக்கணக்காக ஆசைப்பட்ட இடம். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு மேடையோ பாட்டோ கறுப்புச் சட்டையோ நினைவுக்கு வரவில்லை. சேதி கேட்டதும் சுண்டிப்போகப்போகிற டெரன்ஸின் முகம்தான் வந்தது.

"டெரன்ஸ்கிட்ட நானே போயிச் சொல்லட்டுமா டீச்சர்?"

டீச்சர் குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த பழைய கம்பித் துண்டுகளைப் பொறுக்கினார். விரல் பட்டுப் பட்டு அவை மங்கிப்போயிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்து சவரிநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"இத வாசிச்சிட்டிருந்தாரே ஒருத்தர், அந்த எடம் அவருக்குத்தான்" என்றார். "அவர எங்கயாவது பாத்தா, சாயங்காலம் வரச் சொல்லுங்க அண்ணாச்சி."